நிலாவாரை: எடைக்கு விலையா, குணத்திற்கு விலையா?

அராபிய தேசத்து மணற்பரப்புகளிலும், செங்கடலுக்கு அப்பாலுள்ள சோமாலியா, சூடான் முதலிய நாடுகளின் வறண்ட வெளிகளிலும் இயற்கையாய் வளரும் ஒரு சிறு புதர்ச்செடி, இன்று திருநெல்வேலியின் பெயரைத் தாங்கி உலகத்து மருந்துச் சந்தைகளிலெல்லாம் விலையாகி வருகின்றது. நிலாவாரை என்றும், நிலவாகை என்றும், தென் மாவட்டங்களிற் சிலவிடங்களில் அவுரி என்றும் வழங்கப்படும் செடி அதுவே. நீலச்சாயம் தரும் அவுரி வேறு, இஃது வேறு. அராபியர் இதனை ‘சனா’ என்றனர். அச்சொல்லே மேல்நாட்டார் வாயில் ‘சென்னா’ ஆயிற்று. ஏறக்குறைய 9ஆம் நூற்றாண்டில் அராபிய வைத்தியர்கள் இதனைப் பேதி மருந்தாக உலகிற்கு அறிமுகஞ் செய்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இது திருநெல்வேலிச் சீமையிற் பயிராகிக் கப்பலேறிற்று. சூடானிலிருந்து எகிப்து வழியாகச் சென்ற சரக்கு ‘அலெக்ஸாந்திரியா சென்னா’ என்றும், தென் தமிழ்நாட்டிலிருந்து சென்றது ‘டின்னெவெல்லி சென்னா’ என்றும் பெயர் பெற்றன.

ஒரு ஜில்லாவின் பெயர் மருந்து நூல்களில் நிலைபெறுவது அரிய பெருமை. ஆயின், அப்பெருமையின் பயன் இச்செடியை விளைவிக்கும் புன்செய்க் குடியானவருக்கு முறைப்படி கிட்டுகின்றதா என்பது கேட்கத்தக்க கேள்வி. கிட்டவில்லை என்பதும், அதற்குக் காரணம் குடியானவரின் அசிரத்தை மாத்திரமன்று, சரக்கை விலை மதிக்கும் முறையே என்பதும் இங்கு எடுத்துக் காட்டப்படும்.

வறட்சியைத் தாங்கும் விதம்

நிலாவாரை மானாவாரிக்கு ஏற்ற செடி என்பதை விளாத்திகுளம், சாத்தான்குளம் பக்கத்துக் குடியானவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும் அஃது எவ்வாறு வறட்சியைத் தாங்குகின்றது என்பதை அறிந்தாலன்றி, எதனைத் தாங்காது என்பதையும் அறிய இயலாது.

இதன் ஆணிவேர் ஆழமாய் இறங்கி, மேல்மண் காய்ந்த பின்னும் அடிமண்ணின் ஈரத்தை எட்டும் இயல்புடையது. இலை சிறிதாயும் தடிப்பாயும் இருக்கும். பூதக்கண்ணாடியில் நோக்கினால், இலையின் மேற்புறத் தோலின் மீது தடித்த மெழுகுப்படலமும், கூர்மையான சிறு மயிர்களும் காணப்படும். பெரும்பாலான செடிகளில் ஒளியை ஏற்கும் வேலியடுக்குச் செல்கள் இலையின் மேற்பக்கம் மட்டுமே இருக்க, நிலாவாரையில் அவை இரு பக்கமும் அமைந்துள்ளன. கடும் வெயிலில் வளரும் செடிகளுக்குரிய இலக்கணம் இது. இலைத்தோலின் செல்கள் பலவற்றில் பிசின் போன்ற வழுவழுப்பான பொருள் நிறைந்திருக்கின்றது; அது நீரைப் பற்றி வைக்க வல்லது. ஆடு மாடுகள் இதனைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. ஆகையால் வேலியில்லாத புன்செயிலும் இது பிழைக்கின்றது.

ஆயின், பாலைவனத்துச் செடியாதலின் இது நீர் தேங்குவதைச் சற்றும் பொறாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால் இல்லாத கரிசலில் நீர் நின்றால் வேர் அழுகிச் செடி மடியும். மேலும், பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், உளுந்து, தட்டைப்பயறு முதலியவற்றைப் போல் இதன் வேரில் முடிச்சுகள் உண்டாவதில்லை. எனவே, காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணிற் சேர்த்துக் கொடுக்கும் என்று எண்ணி எருவிடாதிருப்பது தவறு. இலைகளைப் பறித்து வெளியூருக்கு அனுப்பும் பயிர், மண்ணின் சத்தையும் உடன் அனுப்புகின்றது. “நிலாவாரைக்கு ஒன்றும் வேண்டா, விதைத்துவிட்டால் தானே வரும்” என்று கூறுவாருமுளர். தானே வருவது செடி. மருந்து தானே வருவதில்லை.

இலையிலுள்ள மருந்துப் பொருள்

இந்த இலைக்கும் காய்க்கும் பேதி குணத்தை அளிப்பது எது என்பது நெடுங்காலம் ஆராய்ச்சிக்கு உரியதாயிருந்தது. சுவிட்சர்லாந்து தேசத்து இரசாயன அறிஞர் ஆர்தர் ஸ்டோலும் அவருடைய தோழர்களும் 1941இல் சென்னோசைடு ‘ஏ’, சென்னோசைடு ‘பி’ என்னும் இரண்டு பொருள்களைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். ரைன் ஆந்த்ரோன் என்னும் பொருளின் இரண்டு கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, ஒவ்வொன்றும் ஒரு குளூக்கோஸ் சர்க்கரையைத் தாங்கி நிற்பதே சென்னோசைடு. இவையன்றி, கெம்ஃபெரால் போன்ற மஞ்சள்நிற வஸ்துக்களும், பிசினும் இலையில் உள்ளன. திருநெல்வேலிச் சரக்கிற்குரிய நாப்தலீன் வகைப் பொருள் ஒன்றிற்கு ‘டின்னெவெல்லின்’ என்றே பெயரிட்டுள்ளனர்.

இம்மருந்து உடலில் வேலை செய்யும் முறை வியப்புக்குரியது. சென்னோசைடு இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெரும்பாலும் மாறாமல் கடந்து பெருங்குடலை அடைகின்றது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அதிலுள்ள சர்க்கரையைக் கழற்றி, அதனை ரைன் ஆந்த்ரோனாக மாற்றுகின்றன. அப்பொருள் பெருங்குடலின் அசைவைத் தூண்டி, நீர் உறிஞ்சப்படுவதையும் தடுக்கின்றது. இம்மாறுதலுக்கு நேரம் பிடிப்பதால், இரவில் உட்கொண்ட மருந்து 8 முதல் 12 மணி நேரத்திற்குப் பின் காலையிற் பலன் தருகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இடம்பெற்றுள்ளது.

இதே காரணத்தால் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டியதாகின்றது. உடல் இளைக்கும் தேநீர் என்று பெயரிட்டு இவ்விலையை விற்போர் பலர். உணவின் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு விடுகின்றது; நிலாவாரை வேலை செய்வதோ பெருங்குடலில். எனவே இதனாற் குறைவது நீரேயன்றிக் கொழுப்பன்று. நாட்பட உட்கொண்டால் உடலிலுள்ள பொட்டாசியம் என்னும் உப்புச்சத்துக் குறைந்து தீங்கு நேரும். கருவுற்றோரும் குழந்தைகளும் மருத்துவர் சொல்லின்றி இதனை உட்கொள்ளலாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல், உணவுத் துணைப்பொருள்களிற் சேர்க்கப்படும் சென்னாவையும் அதன் இனத்து மருந்துப் பொருள்களையும் தன் கண்காணிப்பின் கீழ் வைத்தது. தவறான உபயோகத்தால் இலைக்குக் கெட்ட பெயர் வந்தால், அதனால் நஷ்டமடைவோரில் குடியானவரும் ஒருவர்.

உலர்த்துதலே மருந்தாக்குதல்

குடியானவர் யாவரும் ஊன்றி அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. செடியிலிருந்து பறித்த பச்சை இலையில் மேற்கூறிய சென்னோசைடு நிறைந்திருப்பதில்லை. அதற்கு மூலமான ஒற்றை ஆந்த்ரோன் கூறுகளே பெரும்பகுதி இருக்கின்றன. இலை மெல்ல உலரும்போது, ஏறக்குறைய 20 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில், இலையிலேயே உள்ள நொதிகள் அக்கூறுகளை இரண்டிரண்டாய்ப் பிணைத்துச் சென்னோசைடாக ஆக்குகின்றன. ஆகவே உலர்த்துதல் என்பது நெல்லைக் காயப்போடுவது போல் ஈரத்தை மட்டும் போக்கும் வேலையன்று. மருந்தின் பெரும்பகுதி உருவாவதே களத்தில்தான்.

கடும் வெயிலில் தார்ச்சாலையின் மீதோ பாறையின் மீதோ பரப்பினால், தரையின் சூடு இவ்வெல்லையைக் கடந்துவிடும், நொதிகள் கெடும், இலையும் வெளுத்து மஞ்சளாகும். குவித்து வைத்தால் புழுங்கிக் கறுக்கும். மழையில் நனைந்தால் பூஞ்சணம் பற்றும். காற்றோட்டமுள்ள நிழலில், மெல்லிய பரப்பாய் விரித்து, நாள்தோறும் கிளறிவிட்டு உலர்த்திய இலையே பசுமை மாறாது, மருந்தும் நிறைந்து விளங்கும்.

பறிக்கும் பருவமும் அங்ஙனமே. விதைத்த 2 முதல் 3 மாதங்களுக்குள் முதற் பறிப்பு அமையும். பின்னர் மாதம் ஒன்று கழித்து இரண்டாவது, மூன்றாவது பறிப்புகள் வரும். இளமை நீங்காத, நீலப்பசுமையான இலையிற் குணம் மிகுதி. முற்றிப் பழுத்த இலையில் எடையிருப்பினும் குணம் குறைவு. காயிலோ மருந்து விதையிலன்று, தோட்டில்தான் உள்ளது. எனவே விதை முற்றிக் காய் கறுக்கும் வரை காத்திருப்போர் விதையை நிறுத்து விற்கின்றனரேயன்றி மருந்தை நிறுத்து விற்கவில்லை.

ஐரோப்பிய மருந்து நூல் நெடுங்காலம் வைத்திருந்த அளவுப்படி, சென்னோசைடு ‘பி’யாகக் கணக்கிடுங்கால், இலையில் நூற்றுக்கு 2.5 பங்கும், திருநெல்வேலிக் காயில் 2.2 பங்கும், அலெக்ஸாந்திரியாக் காயில் 3.4 பங்கும் குறையாமல் இருத்தல் வேண்டும். இறுதியில் வாங்குவோன் இலையைத் தேடவில்லை, இப்பங்கையே தேடுகின்றான் என்பது இதனால் விளங்கும்.

நேர்மைக்கு நஷ்டம்

இங்கேதான் வழக்கின் உயிர்நிலை இருக்கின்றது. நிழலில் உலர்த்துக, நன்றாய் உலர்த்துக, பருவத்திற் பறிக்க என்று குடியானவருக்கு உபதேசம் செய்வது எளிது. அவ்வுபதேசத்தின்படி நடப்பவர் அடையும் கதியைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒருவர் நூற்றுக்கு 14 பங்கு ஈரமுள்ள இலை 100 கிலோ வைத்திருப்பதாகக் கொள்வோம். அதில் உலர்ந்த பொருள் 86 கிலோ. அதனையே நூற்றுக்கு 8 பங்கு ஈரம் வரும்வரை காயவைத்தால் எடை ஏறக்குறைய 93.5 கிலோ ஆகிவிடும். நல்லபடி உலர்த்தியவருக்கு 6.5 கிலோவின் விலை நஷ்டம். நிழலில் உலர்த்த இடமும் கூலியும் நாளும் கூடுதலாக வேண்டும். இளம் இலையைப் பறிப்பதால் பறிப்பிற்கு எடை குறையும். இவ்வளவுக்கும் பின், மண்டியில் அவருடைய மூட்டைக்கும் அரைகுறையாய் உலர்ந்த அடுத்த மூட்டைக்கும் விலை ஒன்றே எனில், மறு ஆண்டில் அவர் சாலையிலேயே காயப்போடுவார். அவரைக் குறை கூறுதல் நியாயமன்று. விலை எதனைக் கேட்கின்றதோ அதனையே பயிரிடுவோர் விளைவிப்பர்.

மறுபுறம் ஆலைக்காரர் கணக்கையும் நோக்குக. நூற்றுக்கு 2.5 பங்கு சென்னோசைடு உள்ள இலை 100 கிலோவில் 2.5 கிலோ மருந்துண்டு. 1.5 பங்கே உள்ள இலையில் அதே மருந்தைப் பெற ஏறக்குறைய 167 கிலோ வேண்டும். அந்த 67 கிலோவுக்கு வண்டிச் சத்தம், சாக்கு, கிடங்கு, பிழியும் செலவு அனைத்தும் வீண். இந்த வீண்செலவை எவரேனும் சுமந்தே தீரவேண்டும். அஃது இறுதியில் எல்லா இலைக்கும் கிடைக்கும் பொது விலையைத் தாழ்த்தி, நல்ல சரக்கு விளைவித்தவர் தலையிலும் விழுகின்றது.

வியாபாரிகளின் மறுப்பு

இலையின் நிறமே குணத்தைக் காட்டுகின்றது, பரிசோதனை எதற்கு என்று வியாபாரிகள் கேட்பதுண்டு. இதிற் சிறிது உண்மையுண்டு. பசுமை மாறாத இலை மெல்ல உலர்ந்தது என்பதற்கு நிறம் ஓரளவு சாட்சி. ஆயின், முற்றிய இலையும் நிழலில் உலர்ந்தாற் பசுமையாகவே தோன்றும். தரையோடு படரும் காட்டினத்தின் இலையும், ஆவாரையின் இலையும் கலந்தால் நிறத்தைக் கொண்டு மட்டும் காணமுடியாது. ஆவாரை இலையில் மேற்கூறிய பேதி மருந்து இல்லை. 80 பங்கு கந்தகாமிலத்தை அதன் தூளின்மீது விட்டாற் செந்நிறம் தோன்றும் என்பது மருந்துச்சரக்குப் பரிசோதகர் அறிந்த சோதனை. கண்ணால் ஆகாதது இரசாயனத்தால் ஆகும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

சிறு குடியானவரின் மூட்டை ஒவ்வொன்றையும் பரிசோதித்தால் செலவு கட்டுமா என்பது இரண்டாவது மறுப்பு. இது நியாயமான கேள்வியே. இதற்கு விடை தமிழ்நாட்டிலேயே இருக்கின்றது. கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு லிட்டர் பால் கொண்டு வருவோரின் பாலும் கொழுப்புச் சத்துப் பார்த்தே வாங்கப்படுகின்றது. சேலம், நாமக்கல் பக்கங்களில் மரவள்ளிக் கிழங்கு மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’ கணக்கிலேயே விலையாகின்றது. முதலில் இவற்றுக்கும் எடையும் அளவுமே கணக்காயிருந்தன. சத்துக்கு விலை என்ற பின்னரே, நல்ல மாட்டிற்கும் நல்ல தீனிக்கும் செலவிடுவதில் அர்த்தம் ஏற்பட்டது. நிலாவாரைக்கு மட்டும் அம்முறை ஒவ்வாது என்பதற்குக் காரணம் யாதும் இல்லை.

செய்யத்தக்கவை

முதலாவது, தென் மாவட்டங்களின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் நிலாவாரை மிகுதியாய் வரும் இடங்களிலேனும் ஈரமானி ஒன்று வைத்து, ஈரத்திற்கேற்ப எடையைத் திருத்திக் கணக்கிடுதல் வேண்டும். இதற்குப் பெரிய செலவோ பெரிய படிப்போ வேண்டுவதில்லை. நன்றாய் உலர்த்தியவருக்கு 6.5 கிலோ நஷ்டம் என்னும் அநீதி இதனாலேயே நீங்கும்.

இரண்டாவது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தம் அங்கத்தினரின் சரக்கைப் பறிப்பு வாரியாகப் பிரித்துச் சேர்த்தல் நலம். முதற் பறிப்பு இலை, பிற்பறிப்பு இலை, காய் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலுக்கும் ஒரே மாதிரி எடுத்துச் சென்னோசைடு அளவு பார்த்தால், 20 பேர் சரக்கிற்கு ஒரு பரிசோதனைச் செலவே ஆகும். பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் குடியானவருக்கும், வெறுங்கையோடு தரகர் சொல்லும் விலையைக் கேட்டுக்கொள்ளும் குடியானவருக்கும் வேற்றுமை மிகப் பெரிது.

மூன்றாவது, களத்திற்கு உதவி வேண்டும். நெல்லுக்கும் பருத்திக்கும் கட்டப்படும் உலர்களம் வெயிலுக்குரியது. நிலாவாரைக்கு வேண்டுவது கூரையும் காற்றோட்டமும் உள்ள தாழ்வாரம். பனையோலைக் கொட்டகையாயினும் அமையும். மானியம் வழங்குவோர் இவ்வேறுபாட்டை உணர்ந்து வழங்குதல் வேண்டும்.

நான்காவது, விதையும் களையும். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலிருந்து கே.கே.எம். 1 என்னும் இரகமும், குஜராத்தின் ஆனந்த் நகரத்திலிருந்து காலந்தாழ்ந்து பூக்கும் ஏ.எல்.எஃப்.டி. 2 என்னும் இரகமும் வெளியிடப்பட்டுள்ளன. பூ தாமதமாய் வந்தால் இலைப் பறிப்பு நீளும். விதைத்தோல் கடினமாதலால் இரவு முழுதும் நீரில் ஊறவைத்து விதைப்பது முளைப்பிற்கு உதவும். களையைப் பொறுத்தமட்டில், அது விளைச்சலைக் குறைக்கும் என்பது பழைய காரணம். புதிய காரணமும் ஒன்று சேர்ந்துள்ளது. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்ற செடிகளில் ஈரலைக் கெடுக்கும் நச்சுப்பொருள்கள் உள்ளன. உலர்ந்த மூலிகைகளிலும் மூலிகைத் தேநீர்ச் சரக்குகளிலும் அந்நச்சு இவ்வளவுக்கு மேல் இருத்தலாகாது என்னும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. பறிப்போர் கையோடு சேர்ந்து வரும் சில களைச்செடிகள் ஒரு கப்பல் சரக்கையே திருப்பிவிடக்கூடும். இலையை உண்ணும் வண்ணத்துப்பூச்சிப் புழுவிற்காகப் பறிப்பை ஒட்டி மருந்து தெளிப்பதும் இத்தகையதே. தெளித்த நஞ்சு இலையோடு உலர்ந்து, இலையோடு விலையாகி, இலையோடு கண்டுபிடிக்கவும்படும்.

இவற்றோடு ஒரு வரம்பும் கூறத்தக்கது. நிலாவாரை வறட்சியைத் தாங்குகின்றது என்பதற்காகக் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் புன்செய் முழுவதையும் இதற்கு விடுவது விவேகமன்று. இவ்விலை வீட்டில் உலையேறாது, மாட்டிற்குத் தீவனமாகாது. இதன் விலை கடல் கடந்த நாடுகளின் தேவையைப் பொறுத்து ஏறி இறங்குவது. கச்சு நாட்டிலும், ‘சோனாமுகி’ என்று இதனை வழங்கும் ராஜஸ்தானத்து வறண்ட ஜில்லாக்களிலும் இதன் சாகுபடி பரவியிருக்கின்றது. சூடானின் சரக்கும் சந்தையில் உண்டு. எடையளவில் போட்டியிட்டால் விலை தாழ்ந்துகொண்டே போகும். குணத்தில் போட்டியிட்டாலன்றித் திருநெல்வேலிக் குடியானவருக்கு மேலான இடம் இல்லை. ஆதலின் நிலத்தின் ஒரு பகுதியில், வடிகாலுள்ள மேட்டுப்பாங்கில், தானியத்தோடு மாற்றுப்பயிராகக் கொண்டு, அளவாய் விளைவித்து, நன்றாய் உலர்த்தி விற்பதே சிலாக்கியம்.

முற்காலத்தில் திருநெல்வேலி இலைக்கு நற்பெயர் வந்ததன் காரணம் மருந்து நூல்களில் எழுதப்பட்டிருக்கின்றது. அலெக்ஸாந்திரியா இலை ஒடிந்தும் நொறுங்கியும் காம்பும் தூசியும் கலந்து வர, திருநெல்வேலி இலை ஒடியாமல், அழுத்திக் கட்டிய மூட்டையின் வரிகள் பதிந்தபடி, தட்டையாகவும் சுத்தமாகவும் போய்ச் சேர்ந்தது. அதாவது, காட்டுச் செடியைவிட மேலான மருந்து இதிலிருந்ததால் அப்பெயர் வரவில்லை. காயின் அளவைப் பார்த்தால் சூடான் சரக்கே வீரியம் மிக்கது. பயிரிட்டோர், பறித்தோர், உலர்த்தியோர், கட்டியோர் ஆகியோரின் கைப்பக்குவத்தால் வந்தது அது. அக்கைப்பக்குவத்திற்குத் தராசில் ஓர் இடம் கொடாமல், குடியானவரைப் பார்த்து “நன்றாய் உலர்த்துக” என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருப்பதாற் பயன் விளையாது. அடுத்த பறிப்புக் காலத்திற்குள் ஒரு விற்பனைக்கூடத்திலாவது ஈரமானியும் மாதிரிப் பரிசோதனையும் ஏற்பட்டு, நிழலில் உலர்ந்த மூட்டைக்குக் கிலோவிற்குச் சில ரூபாய் கூடுதலாய்க் கிடைத்ததென்று ஊரில் ஒருவர் சொன்னால், அதன் பின் எவரும் உபதேசிக்க வேண்டுவதில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் தாமே கொட்டகை போடுவார்.